எஸ்தர் மேடம் சொல்லாமல் விட்ட 'குட்'

செவ்வாய்க்கிழமை காலை பிரசவ வார்டில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் டாக்டர் எஸ்தர் மேடம் தூக்கத்திலேயே போய்விட்டாராம், மாரடைப்பு. விரிப்பைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவரைப் பார்க்கக் கர்ப்பிணிகள் வெளியே காத்திருந்தார்கள். அவர்களிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் சின்ன மருத்துவமனையில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் மேடத்தைத் தெரியும். அவர் கோபமும் தெரியும். கொழுகொழுவென்று பிறந்த குழந்தையை யாராவது கொஞ்சினால், "அப்புறம் கொஞ்சலாம், மொதல்ல சுகர் பாக்கணும்" என்று குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிடுவார். தாய்க்குச் சர்க்கரை கூடினால் வயிற்றில் பிள்ளை கொழுக்கும், பிறந்ததும் அதன் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும் என்று விளக்குவார். யார் கேட்டார்கள்? மேடம் திருஷ்டிக்குப் பயப்படுகிறார் என்றே ஊர் நம்பியது. வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு மாமியார் அவருக்கும் சேர்த்து உப்பு மிளகாய் சுற்றிப்போட்டார். மேடம் சிரித்துக்கொண்டே நின்றார்.

செல்வி வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தும் ஒவ்வொரு செக்கப்பிலும் அளவு சரியாகவே இருந்தது. மேடம் "குட்" என்பார். பரீட்சையில் தேறியவள்போல் செல்வி முகம் மலர்ந்து போவாள். குழந்தை மிகப் பெரிதாகப் பிறந்து மூச்சுக்குத் திணறியது. இதயத் தசை தடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் பிழைக்கவில்லை.

செக்கப்புக்கு முன்பெல்லாம் செல்வி பட்டினி கிடந்தது பிறகுதான் தெரிந்தது. இன்சுலின் போடச் சொன்னால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். "பட்னி கெடந்துக்கினு எல்லாரையும் ஏமாத்திகீறா மேடம். இவதான் புள்ளய கொன்னா" என்று அவள் கணவன் கத்தினான்.

மேடம் அவன் முன்னால் போய் நின்றார். "அவள ஒண்ணும் சொல்லாத. குட், குட்னு சொல்லி அவள பட்டினி போட்டது நான்." செல்வியைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதன்பின் எங்கள் ஓ.பி.யில் 'குட்' என்ற சொல்லே கேட்கவில்லை. அளவு ஏறியதற்குத் திட்டும் இல்லை. நர்ஸ்களான எங்களுக்கு மட்டும் திட்டில் குறை வைக்கவில்லை. கர்ப்பிணிகளிடம், "சுகர் ஏறினா உன் தப்பு இல்லம்மா. மறைச்சா என்னால மருந்து குடுக்க முடியாது" என்பார். பிரியாணி தின்றதையும் மாத்திரையை விட்டதையும் அவர்கள் கூசாமல் சொன்னார்கள். எத்தனையோ பிள்ளைகள் அதனால் பிழைத்தன.

மறுநாள் சேரப்பணஞ்சேரியில் மேடத்தின் வீட்டில், அவரைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் செல்வி நின்றிருந்தாள். மறுபடி உண்டாகியிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே யாராண்ட சிஸ்டர் உண்மைய சொல்றது?" என்றாள்.

"என்கிட்ட சொல்லு."

"நாளைக்கு செக்கப். புது டாக்டர் வராங்களாம். நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்புடல சிஸ்டர்."

திட்டத்தான் வாய் வந்தது. நான் திட்டினால் இனி என்னிடமும் சொல்லமாட்டாள். மேடத்தின் படிப்பு எனக்கில்லை, கைராசியும் இல்லை. திட்ட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வதைத்தான் அவரிடமிருந்து எடுத்துவந்திருக்கிறேன். சாவு வீட்டில் உடலை எடுக்கும்வரை யாரும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் செல்வியைத் தெருமுனைக் கடைக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்து, அவள் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.