ஒரே பெயரில் இரண்டு ‘நிறுத்து’

“இருக்குற பேரையே புதுசுக்கும் வச்சா, பழச கூப்புடுறவன் எங்கலா போவான்?”

குனோங் ராபாட்டில் என் பக்கத்து வீட்டுத் தினேஸ்வரி தினமும் புலம்பியது இதுதான். துணி காயப்போடும்போதும் இதே பாட்டு. எனக்குக் காது புளித்துவிட்டது.

சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் மையம் ஒன்றில் அவள் கணினி வேலை பார்க்கிறாள். நோயாளிகளை ஏற்றிவரும் வேன் ஓட்டுநர்களின் போனில் ‘நிறுத்து’ என்று ஒரு கட்டளை உண்டு. அழுத்தினால் அன்றைய பயணம் மட்டும் ரத்து. மையம் புதிதாக வாங்கிய செயலியிலும் ‘நிறுத்து’ இருந்தது. அங்கே அது ஆளையே வேன் பட்டியலிலிருந்து தூக்கிவிடும்.

மேலாளர் ஜெயபாலனிடம் சொன்னாள்.

“பேர மாத்துறதெல்லாம் சுசாலா, பெரிய கஷ்டம், தங்கச்சி. ஓட்டுறவங்க போன்ல புதுச போட்டுக்கச் சொல்லு.”

“யாரு, அர்ச்சுனன் அண்ணனா? அவரு கிழிஞ்ச போன் உறையையே இன்னும் மாத்தல, அண்ணே.”

ஜெயபாலன் சிரித்தார். திங்கட்கிழமை புதியதை ஓடவிட்டார்.

மறுநாள் அர்ச்சுனன் பழைய ரப்பர் தோட்டத்துக்கு வேனை எடுத்துப்போனார். அங்கிருந்து வரும் நோயாளி சன்னாசி ஏறவில்லை.

“மாரியம்மனுக்குக் காப்பு கட்டியிருக்கேன். தோட்டத்து எல்லைய தாண்டக் கூடாது. நாளைக்கு அவுத்துருவேன், அப்ப வாலா.”

அர்ச்சுனன் வழக்கம்போல ‘நிறுத்து’ அழுத்தினார். அவர் போனில் இருந்தது பழையது; மையத்தில் ஓடிய புதியது அதைத் தன் ‘நிறுத்து’ என்றே எடுத்துக்கொண்டது. சன்னாசியின் பெயரே போய்விட்டது. மறுநாளும் வேன் போகாவிட்டால் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும்.

சாயங்காலம் பட்டியலைப் பார்த்த தினேஸ்வரி யாரிடமும் கத்தவில்லை. சன்னாசியைத் திரும்பச் சேர்த்தாள். பழைய செயலி உள்ள போனிலிருந்து வரும் ‘நிறுத்து’ பழைய வேலையையே செய்யும்படி வைத்தாள். புதியதற்கு ‘ஆளை நீக்கு’ என்று வேறு பெயர் கொடுத்தாள். நியாயம்தானே? எங்கள் வீட்டில் மாமியாரும் விமலா, வந்த மருமகளும் விமலா. மருமகளைத்தான் வேறு பெயரில் கூப்பிட்டோம். மாமியாரையா மாற்றுவது?

மறுநாள் காலை வேன் போனது. “ஏன்லா லேட்டு?” என்று திட்டிக்கொண்டே சன்னாசி ஏறினாராம்.

பழைய பெயரை எப்போது எடுப்பாய் என்று ஜெயபாலன் இப்போது நச்சரிக்கிறார். கடைசி ஓட்டுநரின் போனில் புதிய செயலி ஏறும்வரை எடுக்க மாட்டாளாம். அதனால் அந்த மையத்துக்கு வேன் ஓட்டும் அண்ணன்மார்களே, ஞாயிற்றுக்கிழமை போனோடு அவளைப் போய்ப் பாருங்கள். சும்மாவே புதுசு போட்டுத் தருவாள். அர்ச்சுனன் அண்ணே, முதலில் நீங்கள் போங்கள்.