கத்திக்கு இன்னும் பதம் வரவில்லை

போன மாதம் எங்கள் சமையலறை மேடையில் கத்தி தீட்டுவதற்கென்றே நாலைந்து சாமான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தீட்டுவதற்கு இருந்தது ஒரே ஒரு கத்தி.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் மனைவி பாக்கியத்தைத் தெரியும். நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிவரும் கத்தரிக்காயில் சொத்தை கண்டுபிடிக்கிறவள்... அதே பாக்கியம்தான். அவளை வைத்துத்தான் இத்தனை காலம் உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் அது முடியுமா தெரியவில்லை. மனசு சரியில்லை.

ஆரம்பம் சாதாரணமானதுதான். ஒருநாள் காலையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கத்தி மழுங்கிப் போச்சுங்க. வெட்டுதா இல்லையான்னே தெரியல."

எங்கள் வீட்டில் காய் நறுக்கப் பலகை கிடையாது. உங்களில் பலர் வீட்டிலும் இருக்காது. காயைக் கையில் பிடித்துக்கொண்டு, கத்தியைக் கட்டைவிரலைப் பார்த்து இழுப்பாள். விரலில் பட்டதும் கத்தி தானாக நின்றுவிடும். கூர் பார்ப்பதும் அதே கட்டைவிரல்தான். விளிம்பின் குறுக்கே லேசாக ஒரு தடவு தடவிவிட்டு, 'இருக்கு' என்பாள், அல்லது 'இல்லை' என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வீட்டில் சும்மா இருக்கிற ஆண்பிள்ளைக்கு வேலை வந்தால் விடுவானா? நான் இறங்கினேன்.

முதலில் பீங்கான் கப். கவிழ்த்து வைத்தால் அடியில் பளபளப்பு பூசாத வளையம் ஒன்று இருக்கும். அதில் ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றி உரசினால் போதும். அவசரத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை, காசுச் செலவும் இல்லை. உரசிக் கொடுத்தேன். பாக்கியம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னும் பதம் வரல."

அடுத்தது, ஆன்லைனில் வாங்கிய கருவி. பிளாஸ்டிக் பிடி, நடுவே ஒரு பிளவு. அதற்குள் கத்தியை விட்டு இழுக்க வேண்டும். விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இழுத்தாள். நான் இழுத்தபோது இரும்புத்தூள்தான் கொட்டியது. தீட்டுகிறதா, தின்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. அதை வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

"இதுக்கு அந்தக் கப்பே தேவலாம்" என்றாள்.

மூன்றாவதாக வந்தது சாணைக்கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்துணி மேல் ஆடாமல் வைத்து, கத்தியின் முதுகைக் கொஞ்சமாகத் தூக்கிப் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் தேய்க்க வேண்டும். மறுபக்கத்தில் நூல் மாதிரி ஒரு பிசிறு எழும்பும்வரை தேய்த்துவிட்டு, கத்தியைத் திருப்ப வேண்டும். கடைசியில் வழவழப்பான பக்கத்தில் நாலு தேய்ப்பு. எல்லாம் மொபைலில் வீடியோ பார்த்துக் கற்றதுதான். கை வலித்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

சரியாகத் தீட்டியாகிவிட்டதா என்று பார்க்க, காகிதத்தை நிறுத்திப் பிடித்து வெட்டச் சொல்லியிருந்தார்கள். என் பத்தி வந்த பக்கமே கைக்கு அகப்பட்டது. கத்தி என் புகைப்படத்தின் நெற்றியில் நுழைந்து தாடை வழியாக வெளியே வந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தடவினாள். இன்னொரு தடவை அழுத்தித் தடவினாள்.

"ம்ஹூம். நீங்க தாளு வெட்டுததுக்கு வச்சுக்கிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு தெருமுனைக் கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வெட்டுக்கு நடுவே கத்தியை ஒரு இரும்புக் கம்பியில் உரசிக்கொண்டே இருப்பார். அதுபோல நானும் ஒன்று வாங்கலாமா என்று கேட்கத்தான். அவர் என் கத்தியை வாங்கி, ஒரு துண்டு ஈரலைச் சீவிப் பார்த்தார்.

"நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு? இதுக்கு மேல தீட்டுனா நீங்க எனக்குப் போட்டியா கடை போட வேண்டியதுதான்."

"வீட்டுல மழுங்கிட்டுங்காவ."

"அவிய சொன்னா சரிதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கம்பியும் ஒன்று வாங்கினேன். இப்போது நினைத்தால், அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

ஏன் தட்டவில்லை? பாக்கியத்தின் கட்டைவிரலைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. கத்தி செய்த இரும்பைத்தான் சந்தேகப்பட்டேன். 'இப்போதெல்லாம் எந்தப் பொருளில் தரம் இருக்கிறது?' என்று சென்ற வருடம் இதே இடத்தில் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் பாக்கியம் சொன்னதை வைத்துத்தான். பால் பாக்கெட்டைப் பிடித்தால் வழுக்குகிறது, சில்லறைக் காசு கையில் நிற்கமாட்டேன் என்கிறது, தையல் நூல் நழுவுகிறது... எல்லாம் மட்டச் சரக்கு என்பாள். அந்தப் பத்திக்கு ஏகப்பட்ட பாராட்டு. நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் முன்பு அது நடந்தது. காலையிலேயே கல்லை ஊறப்போட்டு, தேய்த்து, கம்பியில் உரசி விளிம்பை நிமிர்த்தி, செய்தித்தாளில் துடைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை நானே என் விரலால் தொட்டுப் பார்த்துப் பயந்து கையை எடுத்திருந்தேன். பாக்கியம் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வாங்கினாள். தடவினாள். முகத்தைச் சுளித்துவிட்டு, விளிம்போடு விளிம்பாக விரலை வைத்து இழுத்தாள்.

"எங்க... இன்னும் பதம் வரலயே."

முறத்தில் இருந்த வெங்காயத்தின் மேல் சிவப்பாகச் சொட்டியது.

"பாக்கியம், கை" என்றேன்.

"கைக்கு என்ன?"

"கையப் பாரு."

குனிந்து பார்த்தாள். முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் வந்தது. "பீட்ரூட்டா?" என்று கேட்டாள். பீட்ரூட் பையைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை.

குழாயடியில் அந்த விரலைப் பிடித்துக் கழுவினேன். ஆழமான வெட்டு. வெட்டுக்குப் பக்கத்தில் கறுப்புக் கறுப்பாகச் சின்னக் கோடுகள். வாழைக்காய்க் கறை என்று நான் நினைத்திருந்தவை. கறை இல்லை, ஆறிப்போன வெட்டுகள். 'வலிக்குதா' என்று கேட்டேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ பஸ்ஸில் விட்டுப்போன சாமானைப் பார்ப்பது மாதிரி. அந்தக் கையை நான் கடைசியாக எப்போது பிடித்தேன் என்று எனக்கும் நினைவில்லை.

பாக்கியத்துக்குச் சுகர் உண்டு. ரொம்ப வருடமாக. மாத்திரையை வேளை தவறாமல் போடுவாள். டெஸ்ட் எடுக்கத்தான் இழுத்தடிப்பாள். நானும் வற்புறுத்தியதில்லை.

டாக்டரம்மா விரலுக்குத் தையல் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

"வெட்டு கையிலதானம்மா?" என்றாள் பாக்கியம்.

"கையில வந்திருந்தா காலுல எப்பவோ வந்திருக்கும். கண்ண மூடிக்கோங்க. நான் தொடுறப்பல்லாம் தொட்டாச்சுன்னு சொல்லுங்க."

நைலான் நரம்பு போல ஒன்றை எடுத்து உள்ளங்காலில் வைத்து அழுத்தினார். பெருவிரலில். குதிகாலில். நடுவில். நரம்பு வளைவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாக்கியம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி காத்திருந்தாள். இரண்டு காலும் முடிந்தது.

"என்ன டாக்டரம்மா, இன்னும் தொடலையே... தொடுங்க, சொல்லுதேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

சுகரால் நரம்பு மரத்துப்போயிருக்கிறதாம். போன உணர்வு பெரும்பாலும் திரும்பாதாம். மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளலாமாம். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கருவேல முள் ஏறினாலும் அவளுக்குத் தெரியாது. சுடுதண்ணீரை இன்னொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படியானால் கத்தி? மழுக்கிவிடலாமா என்று கேட்டேன்.

"அது இன்னும் மோசம். அழுத்தி வெட்டுவாங்க, வழுக்கும். கூர் இருக்கட்டும். பலகையில வச்சு, கண்ணால பாத்து வெட்டணும். கை சொல்றத நம்பக் கூடாது."

ஓசூரிலிருந்து மகள் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்தது.

"அம்மாவக் கத்தியத் தொட விடாதீங்கப்பா. நறுக்குன காய் பாக்கெட்ல கெடைக்கு. அடுப்புப் பக்கமும் வேண்டாம். ஒரு ஆள் வச்சுக்கிடுவோம்."

பாக்கியம் போனை என் கையிலிருந்து வாங்கவில்லை. குனிந்து அதைப் பார்த்துச் சொன்னாள்: "சரிட்டி. அப்ப அம்மா எங்க இருக்கணும்னும் சொல்லிரு."

 எங்கள் வீட்டில் பாக்கியத்துக்கென்று இருக்கிற இடம் அந்தச் சமையலறை ஒன்றுதான். எனக்கு எழுத்து இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. அவளிடமிருந்து சமையலறையை வாங்கிக்கொண்டு எதைத் திருப்பிக் கொடுப்போம்?

சாயந்திரம் கத்தியை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப கத்தி முதல்லயே நல்லாத்தான் இருந்திச்சோ?"

"ஆமா."

"பால் பாக்கெட்டு?"

அதுவும்தான் என்று தலையாட்டினேன்.

"நூலு?"

எங்கள் தெருப்பெண் ஒருத்தி புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனிகளிலிருந்து சட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்து, பட்டன் வைக்க வீடுகளுக்குக் கொடுப்பாள். பாக்கியமும் வாங்கித் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டனெல்லாம் தளர்ந்து கிடக்கிறது என்று அந்தப் பெண் ஒருநாள் சொல்ல, 'மட்ட நூலைக் குடுத்துட்டு என்னைக் குத்தஞ் சொல்லுதியோ' என்று தெருவே கேட்க இவள் சண்டை பிடித்தாள். அதோடு அந்த வேலையும் நின்றது, பேச்சும் நின்றது.

"அந்தப் பிள்ளையப் போயி அப்படிப் பேசிப்புட்டேனே" என்றாள்.

தரம் கெட்ட உலகத்தைப் பற்றி நான் எழுதிய பத்தி நினைவுக்கு வந்தது. உலகம் அப்படியேதான் இருந்திருக்கிறது. பாராட்டி எழுதியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

பலகை வாங்கியாயிற்று. அவளுக்குப் பிடிக்கவில்லை. "இது காய் வெட்டுததா? கொத்துதது" என்கிறாள். ஆனாலும் வெட்டுகிறாள். மெதுவாக, கண்ணை எடுக்காமல். எதிரே உட்கார்ந்து நான் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் வெட்டிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். இப்போது பேசுவதில்லை. அரைக்கிலோ சீனியவரைக்காய் முடிய வெகுநேரம் ஆகிறது. தட்டு நிறைந்ததும் நான் எடுத்து வெளிச்சத்தில் வைத்து, சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதை அவளும் பார்க்கிறாள்.

கத்தி தீட்டுவதை நான் விடவில்லை. கப்பும் கல்லும் மட்டும் இருக்கின்றன. மற்றவை அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. போன ஞாயிற்றுக்கிழமை தீட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் அவளிடம் நீட்டிவிட்டேன். அவளும் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை நீட்டினாள். பிறகு மடக்கிக்கொண்டாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

தடவிப் பார்த்தேன். "இருக்கு" என்றேன்.

"எம்புட்டு இருக்கு?"

வாராவாரம் இவ்வளவு எழுதுகிறேன். அதற்கு என்னிடம் சொல் இல்லை.

வீட்டில் யாராவது கத்தி மழுங்கிவிட்டது என்று சொன்னால், சாணைக்கல் தேடிப் போவதற்கு முன்னால் அவர் கையைக் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள்.