இமைமேல் செம்புத் தூள்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவளைப் பஞ்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலங்கிப் பையில் எந்நேரமும் ஒரு சுருள் பஞ்சு இருக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் அதுவே அவள் பெயர் என்று நினைத்திருந்து, சம்பளப் பட்டியலில் வேறு பெயரைப் பார்த்து விழிப்பதுண்டு. பதினாறு வருஷமாக ஒப்பனை அறை அவள் பொறுப்பில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு பல்புகள்.

இமைக்கு ஐஷேடோ போடுவதில் அவளுக்கு ஈடு கிடையாது. வண்ணத்தை யாரும் பூசிவிடலாம், அடியில் போடுகிற பிரைமர்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது என்பாள். எண்ணெய் வழியும் இமைக்கு ஒன்று, வறண்ட இமைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்தாள். புதிதாக எது வந்தாலும் முதல் சோதனை வீட்டுக்காரர் இமையில்தான். அவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர். ஒரு கண்ணில் ஊதா, மறு கண்ணில் பச்சை என்று ஞாயிறு முழுக்க வாய் பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

வாக்கு எண்ணிக்கை நாளன்று அந்தச் சோதனை நடக்கவில்லை.

அன்று காலையிலிருந்து தொடர்ந்து ஆறு மணி நேரம் நேரலை. செய்தி வாசிக்க இருந்த அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் இடத்துக்கு ஓர் இளம்பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. அன்றைக்கு ஒரு சொல் தடுக்கினாலும் அதையே காரணமாக்குவார்கள். அது அவருக்கும் தெரியும், பஞ்சக்காவுக்கும் தெரியும்.

புது அரங்கத்தின் நிறத்துக்குப் பொருத்தமாக இமையில் செம்பு மினுங்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். மினுமினுப்புத் தூள் தானாக ஒட்டாது. மிக்ஸிங் மீடியம் என்கிற திரவத்தில் ஒரு சொட்டு விட்டுக் குழைத்துப் போட வேண்டும். பழைய புட்டி தீர்ந்துபோயிருந்தது. காலையில்தான் ஸ்டோரிலிருந்து வேறொரு கம்பெனிப் புட்டி வந்தது. புறங்கையில் தடவிப் பார்த்தாள். சட்டென்று காய்ந்து, தோலை லேசாக இறுக்கியது. மனசுக்குள் ஏதோ நெருடியது. அதற்குள் இரண்டு முறை ஆள் வந்து அவசரப்படுத்திவிட்டுப் போனான். போட்டுவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவது மணி நேரத்தில், அறையிலிருந்த சின்னத் திரையில் அந்த அம்மாவின் வலது கண் அடிக்கடி மூடித் திறப்பதைக் கண்டாள். "நாற்பத்தி..." என்று தொடங்கியவர் எண்ணைச் சொல்லாமல் ஒரு நொடி நின்றார். கட்டுப்பாட்டு அறையில் யாரோ, வயசாகிவிட்டது பார் என்று சொல்லிச் சிரித்தது திறந்திருந்த கதவு வழியே கேட்டது.

பஞ்சக்காவுக்குக் காரணம் புரிந்துவிட்டது. வயது இல்லை. விளக்குச் சூட்டில் காய்ந்த பூச்சு உதிர்ந்து, காண்டாக்ட் லென்ஸுக்கு அடியில் போயிருக்கிறது. அந்த அம்மா ஒப்பனை அறையில் விட்டுப்போயிருந்த கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். விளம்பர இடைவேளை விட்டதும், யாரையும் கேட்காமல் அரங்கத்துக்குள் ஓடினாள். இரண்டரை நிமிஷம் இருந்தது.

"லென்ஸைக் கழட்டிடுங்க மேடம். தேய்க்காதீங்க."

"கழட்டினா எதிர்ல ஓடற எழுத்து எனக்குத் தெரியாதே."

"கண்ணாடி கொண்டுவந்திருக்கேன்."

இருபது வருஷத்தில் அவர் ஒருமுறைகூடக் கண்ணாடியோடு திரையில் வந்ததில்லை. அவர் பஞ்சக்காவையே பார்த்தார். சிவந்த கண்ணிலிருந்து நீர் வடிந்தது. கண்ணாடியெல்லாம் கூடாது, மையை மட்டும் சரிபண்ணிவிட்டு வெளியே வா என்று ஒலிபெருக்கியில் தயாரிப்பாளரின் குரல் இறங்கியது.

"தப்பு என்மேல மேடம். கையில இறுக்குச்சு, தெரிஞ்சேதான் போட்டேன். இதோட விட்டா கண்ணைக் கீறிடும்."

இன்னும் ஒரு நிமிஷம்தான் என்றது ஒலிபெருக்கி. அந்த அம்மா குனிந்து லென்ஸ்களை எடுத்தார். பஞ்சக்கா சுத்தமான சொட்டு மருந்தை ஊற்றிக் கண்ணை அலசினாள். பஞ்சால் இரண்டு இமைகளிலும் இருந்த செம்பை ஒற்றி ஒற்றி எடுத்தாள். புதிதாக எதையும் பூசவில்லை. கண்ணாடியை மாட்டிவிட்டு அவள் மேசைக்கு அடியில் குனிந்துகொள்வதற்கும் கேமராவில் சிவப்பு விளக்கு எரிவதற்கும் சரியாக இருந்தது.

அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து எண்ணைச் சொன்னார். மிச்ச மூன்று மணி நேரமும் தடுக்காமல் வாசித்தார். அடுத்த இடைவேளை வரைக்கும் பஞ்சக்கா அவர் காலடியிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விழியில் சின்னக் கீறல், நாலு நாளில் ஆறிவிடும் என்றார் கண் மருத்துவர். நிர்வாகம் விளக்கம் கேட்டது. ஸ்டோர்மேல் பழியைப் போட வழி இருந்தும், இமையில் சோதிக்காமல் போட்டது நான்தான் என்று பஞ்சக்கா எழுதிக்கொடுத்தாள். ஒரு மாதம் அவளை ஒப்பனை அறையிலிருந்து எடுத்து உடைகள் அறையில் இஸ்திரி போட வைத்தார்கள்.

திரும்பி வந்த அன்று அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மூக்கில் கண்ணாடியோடு. பஞ்சக்கா பிரைமரை விரல்நுனியில் எடுத்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அன்னிக்கு மனசுல பட்டத என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் மேடம்."

அவர் கையை விட்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடினார்.