கீழக்கரையில் ஒரு ஆப்பிரிக்கான்ஸ் கடிதம்

சித்திரை வெயிலில் கீழக்கரைக்குப் போவது புத்தியுள்ளவன் செய்கிற காரியம் இல்லை. ராமேஸ்வரம் போய்விட்டு, உடம்பெல்லாம் உப்பும் மணலுமாக மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன், வழியில் ராமநாதபுரத்தில் இறங்கினேன். எல்லாம் ஒரு கடிதத்துக்காக. மதுரையில் என் தையல் கடைக்கு அடுத்த கடைக்காரர் காசிம். அவருடைய அக்காவுக்குக் கேப்டவுனிலிருந்து வந்த கடிதம் எட்டு மாதமாக யாருக்கும் விளங்கவில்லையாம். நான் கேப்டவுனில் பன்னிரண்டு வருடம் தைத்தவன். அந்த ஊர்ப் பேச்சான ஆப்பிரிக்கான்ஸ் எனக்குக் காதால் வந்த மொழி, வாசிக்க வராது. நம் ‘கூலி’யை வசையாக்கி என் மேலேயே வீசிய மொழிக்காக இப்படி அலைய வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது.

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை பதினோரு மைல், ஆறணா டிக்கெட். நயா பைசா வந்த பிறகும் கண்டக்டருக்கு அணாதான். பதினோரு மணி பஸ் பன்னிரண்டே காலுக்குக் கிளம்பியது. எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, “இருங்கய்யா, அங்கன என்ன கப்பலா காத்துக்கெடக்கு?” என்றார். வழிநெடுக உடைமரமும் பனையும்தான், ஒதுங்க நிழல் இல்லை.

காசிம் எனக்கு முன்பே அக்கா வீட்டுக்கு வந்து காத்திருந்தார். அக்கா சுலைகா பீவி திரைக்குப் பின்னால் இருந்தார், குரல் மட்டும் கேட்டது. கணவருக்குக் கேப்டவுனில் கடை, அங்கேயும் ஒரு குடும்பம். கடிதம் அரபு எழுத்தில் இருந்தது. கீழக்கரையில் தமிழையே அரபு எழுத்தில் எழுதுவார்கள், அதனால் அவரால் கூட்டி வாசிக்க முடிந்தது. ஆனால் அது தமிழும் இல்லை, அரபும் இல்லை. கேப்டவுனின் பழைய முஸ்லிம் குடும்பங்கள் ஆப்பிரிக்கான்ஸையும் அதே எழுத்தில் எழுதுவதுண்டு. அவர் வாசிக்க வேண்டும், நான் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும்.

“ஒரு வார்த்தைதான் வெளங்குது. வரிக்கு வரி பாப்பா, பாப்பான்னு வருது. இந்த வயசுல அங்கன ஒரு பாப்பா! எட்டு மாசமா அந்த மனுசன ஏசாத நாளில்ல,” என்றவர் வாசித்தார்: “ஓன்ஸ் பாப்பா இஸ் டுவட்…”

 அவர் தடங்கலில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

“நிறுத்துங்கம்மா. அவங்க பேச்சுல பாப்பான்னா குழந்தை இல்ல. அப்பாவ நீங்க வாப்பான்னு சொல்றீங்களே, அது. எங்க வாப்பா மவுத்தாயிட்டாங்கன்னு உங்க வீட்டுக்காரரோட அந்த ஊர் மக எழுதியிருக்கு.”

காசிம் சாவுச் செய்திக்குச் சொல்லும் “இன்னா லில்லாஹி”யைச் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து அக்கா தம்பியிடம் சொன்னார்:

“புருசன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளு இத்தா இருக்கணும், காசிமு. அந்தக் கெடுவும் முடிஞ்சுபோச்சே. அவுகளுக்காக ஒருநா துக்கம் இருக்கலையே நான். ஏசிக்கிட்டுல்ல இருந்தேன்!”

மீதியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பெற்ற தாயும் இல்லையாம் அந்தப் பெண்ணுக்கு. ஊரிலிருக்கும் பெரியம்மாவுக்கு இந்த எழுத்து வரும் என்று வாப்பா சொல்வாராம். எழுத்து வந்தால் மொழியும் வரும் என்று நம்பி எழுதியிருக்கிறாள், பாவம்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள், கிணறெல்லாம் உப்பு. கடைசி பஸ் ஐந்தரைக்கு. அதை நான் தவறவிட்டேன். இன்னொரு தடவை வாசிக்கிறேன், வரிவரியாக அர்த்தம் சொல்லுங்கள் என்று அந்த அம்மா கேட்டபோது எழுந்து போக மனசு வரவில்லை.

இந்தத் தடவை அவர் வாயில் ‘பாப்பா’ வரவேயில்லை. அந்த இடம் வந்தபோதெல்லாம் ‘வாப்பா’ என்றே வாசித்தார்.