பிளாஸ்டிக் பேப்பரில் ஒரு முகம்

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் வேலை பார்த்தேன். பத்தாவது படித்த, யார் முகத்தையும் பார்த்துப் பேச வராத எனக்கு அது பொருத்தமான வேலை. இப்போது பெங்களூரை ஒட்டிய ஜூஜுவாடியில் எங்கள் வாடகை வீட்டுக் குளியலறைதான் இருட்டறை. பெங்களூரில் படிக்கும் பிள்ளைகள் சிலர் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கொண்டுவருவார்கள். பிரிண்ட் போட்டுத் தருவேன்.

கீழ்வீட்டுப் பெண் தூத்துக்குடிப் பக்கம். கம்பெனி வேலைக்காகக் குடிவந்த இடத்தில் அவள் கணவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்று, பழைய நெகட்டிவாக இருந்தது.

"பெரிசா போட்டுக் குடுங்கக்கா. நான் இருக்கிற வரைக்கும் அவரும் இருக்கணும்."

அந்த வாரம் தண்ணி லாரி வரவில்லை. ஃபைபர் பேப்பர் பூச்சில்லாத காகிதம், படம் கழுவும் மருந்தைக் குடித்துவிடும். அந்த மருந்து போக ஓடுகிற தண்ணீரில் ஒரு மணி நேரமாவது அலச வேண்டும். காய்ந்தால் அப்பளமாகச் சுருளும். ஆர்.சி. பேப்பருக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. கொஞ்சம் அலசினாலே போதும், தட்டையாகக் காயும். சுவரில் மாட்டும் படத்துக்கு ஃபைபர்தான் நல்லது என்று தெரியும். ஆர்.சி.யில் போட்டேன். பூச்சி நுழையாதிருக்க ஃபிரேமின் முதுகைச் சுற்றி நானே டேப் ஒட்டினேன்.

அவள் மாலை போட்டு, படத்துக்கு மேலேயே சின்ன பல்பு மாட்டினாள். இரவும் பகலும் எரியும்.

போன மாதம் குழம்பு கொடுக்கப் போனபோது பல்பை அணைத்து வைத்திருந்தாள். படத்தில் கன்னமெல்லாம் ஆரஞ்சுப் புள்ளிகள். தலைமுடி ஈயம் பூசினதுபோல் மினுங்கியது.

"பாத்தீங்களாக்கா, நான்தான் எரிச்சுப்புட்டேன்" என்றாள். "அவரு இருந்தப்பவே லைட்ட அணைடி, அணைடின்னு கத்துவாரு. கேட்டேனா?"

காரணம் எனக்குத் தெரியும். பெங்களூர்ப் பிள்ளை ஒருத்தி ஒருமுறை விளக்கியிருந்தாள். வெள்ளையாகத் தெரிவதற்காக அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு பொடி கலந்திருக்கும். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். அப்போது உண்டாகும் வாயு வெளியே போக வழியில்லாமல் கண்ணாடிக்குள் அடைபட்டால் படத்தின் வெள்ளியை அரிக்கும். அப்படியென்றால் பல்புக்கும் பங்கு உண்டுதானே? அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் மாடிக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலுக்குப் போய்வந்தவள் படியில் நின்று சிரித்தாள்.

"ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்க்கா, புருசன் முகத்த எரிச்சுட்டேன்னு. ஃபாதர் பதறிப்போயிட்டாரு. ஃபோட்டோங்க சாமின்னேன். அதெல்லாம் பாவமில்ல, போம்மாங்கறாரு. எனக்குத்தான் மனசு ஆறல."

என் தப்பை அவள் கோயில்வரை கொண்டுபோய் முழங்காலில் நின்றிருக்கிறாள்.

"பல்பு இல்ல. நான் போட்ட பேப்பர்தான்" என்றேன். பேப்பர், தண்ணி, டேப் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னேன். "நெகட்டிவ் குடும்மா. வேற பேப்பர்ல போட்டுத் தரேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கணக்குப் போடுகிறவள்போல் நின்றாள்.

"அப்ப, அவர இவ்வளவு நாளும் சும்மாவா இருட்டுல வச்சிருந்தேன்?"

அவள் உள்ளே போய், பின்னால் வந்த என் கையில் நெகட்டிவைக் கொடுத்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டாள். புள்ளி விழுந்த முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

"பல்பு எரிஞ்சா இது இன்னும் கெட்டுப்போகும்" என்றேன்.

"கெடட்டும்" என்றாள், என்னைப் பார்க்காமல். "நீங்க போயி புதுசப் போடுங்க."