மன்னவனூரில் தொலைந்த தேவலோகம்

கேமராமேன் கறுப்புக் கண்ணாடி வில்லை ஒன்றைக் கண்ணில் வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரு அசுரன் பக்கம்" என்றார். மலைமேல் மன்னவனூர்ப் புல்வெளியில் ஒரு பக்தி சீரியலின் படப்பிடிப்பு. ஜீப் ஓட்டப் போன என்னையும் கூட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். மாதம் தவறாமல் பழனி மலை ஏறுகிறவன் நான். தேவர்களில் ஓர் ஓரம்கூடக் கிடைக்கவில்லை.

அந்த மனிதருக்கு உலகமே இரண்டு நிறம்தான். தேவர்கள் பக்கம் வெள்ளைத் திரை, வெள்ளைப் புகை, வெள்ளை விளக்கு. முகத்தில் நிழல் என்ற பேச்சே கூடாது. எங்கள் பக்கம் கறுப்புத் துணி, தரையிலிருந்து மேலே அடிக்கிற சிவப்பு விளக்கு. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் யார் சாமி, யார் அசுரன் என்று சனங்களுக்குத் தெரிய வேண்டும் என்பார். என் உடம்பு முழுக்கக் கரி பூசிய பிறகும் இன்னும் கொஞ்சம் என்றார். முருகனாக நடித்த சென்னைத் தம்பிக்கோ தங்கப் பொடி.

மதிய இடைவேளையில் தனியாக ஒதுங்கப் போனேன். திடுமென்று மூடுபனி இறங்கியது. கரி பூசிய என் கையே எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு கிடுகிடு பள்ளம் உண்டு. யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று காலையில் எல்லோரையும் மிரட்டியவன் நானேதான். இப்போது அது எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது. வாயில் ஒட்டிய கோரைப்பல் தானாகத் தந்தியடித்தது. அப்போது எதிரே தங்கமாக ஓர் உருவம், கையில் வேலோடு. யோசிக்கவேயில்லை. விழுந்து காலைப் பிடித்துக்கொண்டேன்.

"முருகா, காப்பாத்துப்பா."

"அண்ணா, எனக்கும் வழி தெரியல" என்றார் முருகன், அழாத குறையாக.

இருவரும் கட்டிக்கொண்டு நின்றோம். அசுரனுக்கே உரிய வீறாப்பில் நான் ஒரு திசையைக் காட்டி, இதுதான் வழி என்று சத்தியம் செய்தேன். எங்கிருந்தோ கேமராமேனின் குரல் கேட்டது: "தேவலோகத்து லைட்டு அம்புட்டும் எரியுது, தெரியுதாங்க?"

வெள்ளைக்குள் வெள்ளை. தெரியவில்லை என்று கத்தினேன். பிறகு அவர் தம் ஆட்களிடம் சொன்னது கேட்டது: "அத அணைச்சிட்டு அசுரன் லைட்டப் போடுங்கப்பா. வெரசா."

சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது, என் முதுகுக்குப் பின்னால். அதே நேரம், நான் காட்டிய திசையில் தம்பி ஊன்றப்போன வேல், ஊன்றத் தரையில்லாமல் அந்தரத்தில் இறங்கியது.

சிவப்பைப் பார்த்தபடியே தவழ்ந்து வந்து சேர்ந்தோம். என் கரியில் பாதி முருகன் மேல். அவர் தங்கத்தில் பாதி என் மேல். யார் எந்தப் பக்கம் என்று கேமராமேன் அன்று கேட்கவில்லை. தேநீரை இரண்டு பேருக்கும் அவரே ஆற்றிக் கொடுத்தார்.

அந்தச் சீரியல் இப்போது மறுபடியும் ஓடுகிறது. சிவப்பு வெளிச்சம் வந்தால் என் மனைவி கண்ணை மூடிக்கொள்கிறாள். எனக்கோ வெள்ளைத் தேவலோகம் வரும்போதுதான் உள்ளங்கால் கூசுகிறது. தரையிலிருந்து காலைச் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.