படத்துக்கு ஆகாத தண்ணீர்

2000-களின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் திருப்பூர் ராயபுரத்தில் குடியிருந்தேன். பனியன் கம்பெனி ஒன்றில் டி-ஷர்ட்டுக்கு டிசைன் வரைவது வேலை. வாரம் முழுக்கப் பூனைக்குட்டியும் கரடிப் பொம்மையும் வரைந்து அலுத்துப்போய், என்னோடு வேலை பார்த்த மூன்று பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கூட்டிப்போய் அக்ரிலிக்கில் இயற்கைக் காட்சி வரையச் சொல்லிக்கொடுத்தேன். வாத்தியார் ஆனதும் கொஞ்சம் தலைக்கனமும் வந்து சேர்ந்தது.

ஒரு கோடை ஞாயிறு. மண்ணரை தாண்டி நொய்யல் ஆற்றங்கரையோரத் தென்னந்தோப்பில் உட்கார்ந்தோம். மரங்கள் பாதிக்கு மேல் கொண்டை கருகி நின்றன. முதலில் வானம், அப்புறம் தூரத்து மரங்கள், கடைசியாகக் கிட்டத்தில் இருப்பது என்று வரைந்து காட்டினேன். அக்ரிலிக் வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும். பிரஷ்ஷை உடனே கழுவாவிட்டால் குச்சிதான். கலங்கிய தண்ணீரில் கழுவினால் அடுத்த வண்ணம் அழுக்காகும். அதனால் தண்ணீரை மாற்றச் சொல்லி விரட்டிக்கொண்டே இருப்பேன். கொண்டுபோன கேன் பதினோரு மணிக்கே காலி.

தோப்புக்குள் ஒரு வீடு இருந்தது. அங்கிருந்த அம்மாவிடம், கிணற்றைக் காட்டி இரண்டு வாளி இறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"அது வேண்டாங்க. சாயப்பட்டறைத் தண்ணி எறங்கிப்போச்சு. வெள்ளைத் துணிய நனைச்சாலே நெறம் மாறிருதுங்க. உங்க படம் கெட்டுப்போயிரும்."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கி வந்து கொடுத்தார். படம் வரைகிறவர்களுக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்கு உள்ளூரப் பெருமை. இன்னும் தாராளமாகக் கழுவினோம். கலங்கக் கலங்கத் தரையில் கொட்டினோம்.

மதியம் காலிக் குடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாசல் நிழலில் கயிற்றுக் கட்டிலில் அந்த அம்மாவின் மாமனார், உள்ளங்கையில் மாத்திரையோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கிணற்று வாளியிலிருந்து டம்ளரில் துணி வைத்து வடிகட்டினார். வடிகட்டியும் தண்ணீர் வெளுத்த டீ மாதிரிதான் இருந்தது. பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். நெடுநேரம் இருமினார்.

"ஏனுங்க, வேற தண்ணி இல்லீங்களா?" என்றேன்.

"தண்ணி லாரி நாளைக்குத்தானுங்க வரும். இருந்த ஒரு கொடத்தத்தான் உங்களுக்குக் குடுத்தனுங்க. எங்களுக்கு இது பழகிப்போச்சு."

குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய் இரண்டு கேன் தண்ணீர் வாங்கி வந்தேன். அதற்குள் பெரியவர் தூங்கிவிட்டிருந்தார்.

"எதுக்குங்க இத்தனை செரமம்?" என்று வாங்கி வைத்த அந்த அம்மா, "படம் நல்லா வந்துச்சுங்களா?" என்று கேட்டார். காட்ட முடியவில்லை. கருகி நின்ற தென்னைகளைப் பச்சையாகவும் சாயம் ஓடிய ஆற்றை நீலமாகவும் வரைந்து வைத்திருந்தேன். இன்னும் முடியவில்லை என்று பொய் சொன்னேன்.

இப்போதும் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். பிரஷ் கழுவ ஆளுக்கு அரை டம்ளர் தண்ணீர்தான். அதைக் கொட்டப் போகும்போதெல்லாம், என் படத்துக்கு ஆகாத தண்ணீரை அந்தப் பெரியவர் குடித்தது நினைவுக்கு வந்து, ஒரு நொடி கை நின்றுவிடுகிறது.